இயந்திரம் படிக்கும் கையேடு

2025ஆம் ஆண்டில் ஆந்த்ரோபிக் நிறுவனம் தன்னுடைய ‘கிளாட்’ ஏ.ஐ.க்கு இணையத்தில் தேடும் கருவியைக் கொடுத்தபோது, பொறியாளர்கள் ஒரு வேடிக்கையைக் கவனித்தார்கள். தேவை இருக்கிறதோ இல்லையோ, தேடும் சொற்களுக்குப் பின்னால் ‘2025’ என்று கிளாட் ஒட்டிக்கொண்டே இருந்தது. ஆண்டைச் சேர்த்துத் தேடினால் அந்த ஆண்டின் பக்கங்கள்தான் மேலே வரும்; கொஞ்சம் பழைய, ஆனால் சரியான விடை கீழே போய்விடும். இதைச் சரிசெய்ய அவர்கள் கை வைத்த இடம் தேடுகருவியின் விளக்கக் குறிப்பு. அதில் சில வரிகளைத் திருத்தி எழுதினார்கள். கிளாட் வழிக்கு வந்தது.

கணினித் துறையில் ‘டாக்குமென்டேஷன்’ என்றாலே பலருக்கும் கொட்டாவி வரும். புரோகிராம் எழுத ஆள் கிடைக்கும், அதற்குக் கையேடு எழுத யாரும் கிடைக்கமாட்டார்கள். எழுதினாலும் ஆறு மாதத்தில் மென்பொருள் ஒரு பக்கம், கையேடு ஒரு பக்கம் போய்விடும். ஆனாலும் அலுவலகம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. காரணம், கையேட்டில் இல்லாதது பக்கத்து சீட்டில் இருந்தது. “இந்த ஃபீல்டுல என்ன போடணும்ணே?” என்று புதிதாக வந்தவர் கேட்பார், “பேரு போடாதப்பா, கோடு போடு” என்று பதில் வரும். அதோடு விஷயம் முடிந்தது. அந்த ஒரு வரியை யாரும் எழுதி வைத்ததே இல்லை.

ஏ.ஐ. ஏஜென்ட்டுக்குப் பக்கத்து சீட் கிடையாது.

சாட்பாட்டிடம் கேள்வி கேட்டால் பதில் சொல்லும். ஏஜென்ட் ஒரு படி மேலே போய் வேலையைச் செய்து முடிக்கப் பார்க்கும்: மின்னஞ்சலைத் துழாவும், கோப்பைத் திருத்தும், டிக்கெட் தேடும். இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. ஏஜென்ட்டின் மூளையாக இருக்கும் மொழி மாடல் இவற்றில் எதையும் நேரடியாகச் செய்வதில்லை. அதற்குத் தெரிந்ததெல்லாம் எழுத்தைப் படிப்பதும் எழுதுவதும்தான். “உனக்கு இன்னின்ன கருவிகள் இருக்கின்றன” என்று ஒரு பட்டியல் அதற்குத் தரப்படும். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர், ஒரு விளக்கம், என்னென்ன விவரங்களைத் தரவேண்டும் என்ற குறிப்பு. மாடல் அதைப் படித்துவிட்டு, “இந்தக் கருவியை இந்த விவரங்களோடு இயக்கு” என்று ஒரு குறிப்பிட்ட வடிவத்தில் எழுதித் தரும். வேறொரு புரோகிராம் அதை இயக்கி, கிடைத்த விடையை மறுபடி எழுத்தாக மாடலுக்கே கொண்டுவந்து தரும். கருவிக்குள் என்ன கோடு ஓடுகிறது என்பது மாடலுக்குத் தெரியாது. அதன் கண்ணுக்கு அந்த நாலு வரிக் குறிப்புதான் கருவி.

ஓப்பன்ஏஐ இந்த ஏற்பாட்டை 2023 ஜூனில் புரோகிராமர்களுக்குத் திறந்துவிட்டது. மற்ற நிறுவனங்களும் தங்கள் தங்கள் முறைகளோடு வந்தன. ஒவ்வொரு போனுக்கும் ஒவ்வொரு சார்ஜர் பின் இருந்த காலம் போல, ஒவ்வொரு ஏ.ஐ.க்கும் ஒவ்வொரு விதமாகக் கருவிகளை இணைக்கவேண்டியிருந்தது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் ‘மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்’, சுருக்கமாக எம்.சி.பி., என்ற பொது முறையை வெளியிட்டது. அடுத்த ஆண்டே போட்டி நிறுவனமான ஓப்பன்ஏஐயும் அதை ஏற்றுக்கொண்டது. பின் ஒன்றாகிவிட்டதால், யாரோ எங்கோ எழுதிய கருவியை யாரோ ஒருவரின் ஏஜென்ட் எடுத்துப் பயன்படுத்துவது சாதாரணமாகிவிட்டது. எழுதியவரும் பயன்படுத்துபவரும் சந்தித்துக்கொள்ளவே போவதில்லை. நடுவே இருப்பது அந்தக் குறிப்பு மட்டும்.

நம் ஊருக்குத் தெரிந்த ஒரு வேலையை வைத்துப் பார்க்கலாம். ரயில் தேடும் கருவி ஒன்றை ஒரு புரோகிராமர் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பெயர்: ‘ரயில் தேடு’. விளக்கம்: ‘ரயில்களைத் தேடும்’. தரவேண்டிய விவரங்கள்: ‘இடம் 1, இடம் 2, தேதி’. எழுதியவருக்கு இதில் ஒரு குறையும் தெரியாது. எல்லாம்தான் அவர் தலைக்குள் இருக்கிறதே.

பயணி ஒருவர் ஏஜென்ட்டிடம், “ஜூன் அஞ்சாம் தேதி ராத்திரி சென்னையிலிருந்து திருநெல்வேலி போகணும்” என்கிறார். சென்னை என்றால் எது? மாடல் எங்கெங்கோ படித்ததை வைத்து சென்ட்ரல் என்று எடுத்துக்கொண்டு, அதன் குறியீடான எம்.ஏ.எஸ். என்பதைப் போடலாம். ஊர் ‘மெட்ராஸ்’ பெயரைத் துறந்து 1996லேயே சென்னையாகிவிட்டது. ரயில்வே குறியீடுகள் இன்னும் மெட்ராஸிலேயே இருக்கின்றன. தெற்கே போகும் ரயில்கள் பெரும்பாலும் எழும்பூரிலிருந்தோ தாம்பரத்திலிருந்தோ கிளம்புகிறவை. ஆகவே கருவி வெற்றுப் பட்டியலைத் திருப்பித் தரும். ஏஜென்ட் பயணியிடம் பணிவாகச் சொல்லும்: “அன்று திருநெல்வேலிக்கு ரயில் இல்லை.” அடுத்தது தேதி. 05/06 என்று எழுதினால் ஜூன் ஐந்தா, மே ஆறா? அமெரிக்கப் பக்கங்களை ஏராளமாகப் படித்து வளர்ந்த மாடல் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லமுடியாது. அதற்கும் மேலே ஒரு சிக்கல்: எழும்பூரில் இரவு 11 மணிக்குக் கிளம்பும் ரயிலை விழுப்புரத்தில் பிடிப்பவருக்குத் தேதி மாறிவிடும்.

இன்னொன்று மாடலின் நினைவு சார்ந்தது. ரயில் முன்பதிவு 120 நாள்களுக்கு முன்பே தொடங்கும் என்பது பல ஆண்டுப் பழக்கம். இணையம் முழுக்க அப்படித்தான் எழுதியிருக்கும். 2024 நவம்பர் 1 முதல் அது 60 நாளாகக் குறைந்தது. குறிப்பில் சொல்லாவிட்டால் மாடல் பழைய கணக்கை வைத்துப் பயணிக்கு நாள் குறித்துக் கொடுக்க வாய்ப்பு உண்டு.

இத்தனையும் தெரிந்த ஒருவர் அதே குறிப்பை எழுதினால் ஏறக்குறைய இப்படி இருக்கும்: “இரண்டு நிலையங்களுக்கு இடையே ஒரு நாளில் ஓடும் ரயில்களைக் காட்டும். காலியிடங்களைக் காட்டாது, அதற்கு ‘காலியிடம் பார்’ கருவியைப் பயன்படுத்தவும். நிலையத்தின் பெயரைத் தராமல் குறியீட்டைத் தரவும்: சென்னை சென்ட்ரல் எம்.ஏ.எஸ்., எழும்பூர் எம்.எஸ்., தாம்பரம் டி.பி.எம். பயணி சென்னை என்று மட்டும் சொன்னால் மூன்றிலும் தேடவும். தேதியை 2026-06-05 என்பதுபோல ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தரவும். பயணி ஏறும் நிலையத்தில் ரயில் புறப்படும் தேதி அது. முன்பதிவு 60 நாள்களுக்குள் மட்டுமே; அதற்கு மேல் கேட்டால் எந்த நாளில் முன்பதிவு திறக்கும் என்று கருவியே சொல்லும்.” ‘இடம் 1, இடம் 2’ என்பதும் ‘ஏறும் நிலையக் குறியீடு, இறங்கும் நிலையக் குறியீடு’ என்று மாறும். பெயரும் படிக்கப்படுவதுதான், பெயரிலேயே பாதி விளக்கம் இருந்துவிட்டால் மீதிப் பாதிதான் எழுதவேண்டியிருக்கும்.

இப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்வதால் உண்மையிலேயே பலன் உண்டா? பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024இல் இதை அளந்து பார்த்தார்கள். ‘எஸ்.டபிள்யூ.இ.-ஏஜென்ட்’ என்பது அவர்கள் உருவாக்கியது; மென்பொருளில் இருக்கும் பிழைகளைத் தானே கண்டுபிடித்துத் திருத்தும் ஏஜென்ட். அவர்கள் எழுப்பிய கேள்வி எளிமையானது. மனிதர்களுக்காகத் திரை, மவுஸ், ஐகான் என்று எத்தனையோ ஆண்டுகள் செலவழித்து வடிவமைத்தோமே, ஏஜென்ட்டுக்கும் அப்படித் தனியாக ஒரு வடிவமைப்பு வேண்டாமா? இதைச் சோதிக்க, கோடு பகிரும் தளமான கிட்ஹப்பில் உண்மையான புரோகிராமர்கள் புகார் செய்திருந்த 300 பிழைகளை எடுத்துக்கொண்டார்கள். ஜிபிடி-4 டர்போ மாடலிடம் வழக்கமான லினக்ஸ் கட்டளைகளை மட்டும் கொடுத்தபோது 11 சதவீதப் பிழைகளைத் தீர்த்தது. அதே மாடலிடம், அதற்கென்று வடிவமைத்த கருவிகளைக் கொடுத்தபோது 18 சதவீதம். மாடல் அதேதான், மாறியவை அதன் கையில் இருந்த கருவிகளும் அவை பேசும் விதமும்.

உள்ளே இறங்கிப் பார்த்தால் இன்னும் சுவாரஸ்யம். ஒரு கோப்பைத் திறந்தால் எத்தனை வரி காட்டவேண்டும்? முழுக் கோப்பையும் கொட்டியபோது வெற்றி 12.7 சதவீதமாகச் சரிந்தது. 30 வரி மட்டும் காட்டியபோது 14.3. நூறு வரி காட்டியபோதுதான் அந்த 18. தேடல் கருவியில் நடந்தது அதைவிட வியப்பு. தேடிக் கிடைத்தவற்றை ஒவ்வொன்றாகக் காட்டி, ‘அடுத்தது’ என்று கேட்டால் அடுத்ததைக் காட்டும் கருவியை ஒருமுறை கொடுத்துப் பார்த்தார்கள். மனிதர்கள் இதைத் தினமும் பயன்படுத்துகிறோம். நாலைந்து பார்த்துவிட்டுச் சலித்துப்போய் வேறு சொல்லைப் போட்டுத் தேடுவோம். ஏஜென்ட்டுக்குச் சலிப்பு கிடையாது. கடைசி விடைவரை ‘அடுத்தது, அடுத்தது’ என்று போய்க்கொண்டே இருந்து, தனக்கு ஒதுக்கிய அளவையெல்லாம் அதிலேயே தீர்த்துவிட்டது. வெற்றி 12 சதவீதம். தனித் தேடல் கருவியே கொடுக்காமல் விட்டபோதுகூட 15.7 கிடைத்தது. ஆக, பொருந்தாத கருவி ஒன்றைக் கொடுப்பதைவிடக் கொடுக்காமலே இருந்திருக்கலாம். கடைசியில் அவர்கள் வைத்துக்கொண்டது, 50 விடைக்கு மேல் வந்தால் ‘இன்னும் குறிப்பாகத் தேடு’ என்று சொல்லிவிடும் கருவியை.

அதே ஆய்வில் இன்னொரு சின்ன விஷயம். லினக்ஸ் கட்டளைகளில் பல, வேலையை ஒழுங்காக முடித்தால் ஒன்றும் சொல்லாது. பழகியவர்களுக்கு அந்த மௌனமே ‘சரி’ என்பதற்கு அடையாளம். மாடலுக்கு அது குழப்பம். எனவே, கட்டளை வெற்றிகரமாக ஓடியது, காட்டுவதற்கு ஒன்றும் இல்லை என்று வாய்விட்டுச் சொல்லும்படி மாற்றினார்கள். திருத்தும் கருவிக்கும் வாய் கொடுத்தார்கள். ஏஜென்ட் எழுதிய திருத்தத்தில் இலக்கணப் பிழை இருந்தால், அதை ஏற்காமல் பிழை எங்கே என்று காட்டி, மறுபடி முயலச் சொல்லும். இந்த ஒரு ஏற்பாட்டை எடுத்துவிட்டபோது வெற்றி 18இலிருந்து 15 ஆகக் குறைந்தது.

கையேடு என்றால் தொடக்கத்தில் படிக்கும் ஏடு மட்டும் என்று நினைத்துவிடுகிறோம். ஏஜென்ட்டைப் பொறுத்தவரை பிழைச் செய்தியும் கையேட்டின் ஒரு பக்கம்தான். சொல்லப்போனால் மிகச் சரியான நேரத்தில் திறந்துகொள்ளும் பக்கம். ‘எரர் 400’ என்று மட்டும் திருப்பியடித்தால் ஏஜென்ட் அதே தவற்றைச் சற்று மாற்றி மாற்றி மறுபடி செய்யும். ‘தேதி 05/06 என்று வந்திருக்கிறது, 2026-06-05 போலத் தரவும்’ என்றால் அடுத்த முயற்சியிலேயே சரியாகிவிடும்.

சில நேரம் எழுதுவதைவிடக் கருவியை மாற்றுவதே மேல். ஆந்த்ரோபிக் பொறியாளர்கள் இதே வகைப் பிழை திருத்தும் தேர்வுக்கு ஏஜென்ட் ஒன்றைச் செய்தபோது, அது கோப்புகளின் முகவரியில் தடுமாறியது. ‘இங்கிருந்து இரண்டு ஃபோல்டர் உள்ளே’ என்று முகவரியைச் சுருக்கமாக எழுதிவிட்டு, இடையில் வேறு ஃபோல்டருக்கு நகர்ந்துவிடும். அப்புறம் அந்த ‘இங்கே’ எங்கே என்பது குழம்பிவிடும். கவனமாக இரு என்று பத்து வரி எழுதியிருக்கலாம். அவர்கள் அப்படிச் செய்யாமல், வேரிலிருந்து தொடங்கும் முழு முகவரியை மட்டுமே ஏற்கும்படி கருவியை மாற்றினார்கள். சிக்கல் தீர்ந்தது. அந்த வேலையில் ஏஜென்ட்டுக்கான பொது அறிவுரைகளைவிடக் கருவிகளைச் செதுக்கத்தான் அதிக நேரம் செலவானது என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு ஒவ்வொரு கருவிக்கும் பத்துப் பக்கம் எழுதக் கிளம்பினால் அதுவும் ஆபத்து. கருவிகளின் விளக்கங்கள் வழக்கமாக வேலை தொடங்கும் முன்பே மாடலின் முன் வைக்கப்படுகின்றன. ஒவ்வொரு சொல்லும் ‘டோக்கன்’ என்ற துண்டுகளாக வெட்டி எண்ணப்படும், காசும் அதற்கேற்பத்தான். மாடல் ஒரே நேரத்தில் கவனத்தில் வைத்திருக்கக்கூடிய இடமும் அளவானது. கருவி திருப்பித் தரும் விடைக்கும் இதே கணக்கு. ஆந்த்ரோபிக்கின் ‘கிளாட் கோடு’ ஒரு கருவியின் விடையை வழக்கமாக 25,000 டோக்கனோடு நிறுத்திக்கொள்கிறது. தமிழில் எழுதியதை வெட்டினால் அதே விஷயத்துக்கு ஆங்கிலத்தைவிடக் கூடுதல் டோக்கன் ஆகும் என்பதால், தமிழ்த் தரவுகளைக் கையாளும் கருவிகளுக்கு இந்த எல்லை இன்னும் சீக்கிரம் வந்துவிடும். ஆயிரம் பேர் கொண்ட முகவரிப் பட்டியலை அப்படியே கொட்டும் கருவிக்குப் பதிலாக, பெயரைச் சொன்னால் அந்த ஒருவரைத் தேடித் தரும் கருவி கொடுப்பது இதனால்தான்.

எதைச் சுருக்கினாலும் ஒன்றைச் சுருக்கக்கூடாது: கருவியால் என்ன முடியாது என்பதை. இதில் பழைய ஆள்களே வழிகாட்டிகள். பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் எழுதிய யூனிக்ஸ் கையேட்டின் முதல் பதிப்பு 1971 நவம்பர் 3 தேதியிட்டது. ஒவ்வொரு கட்டளைக்கும் பெயர், பயன்படுத்தும் முறை, விளக்கம் என்று வரிசையாகப் போய், ‘பக்ஸ்’ என்ற தலைப்பும் வரும். இந்தக் கட்டளை எங்கே சொதப்பும் என்பதை எழுதியவர்களே ஒப்புக்கொள்ளும் இடம் அது. விற்பனைத் துறையின் கை படாத காலம் என்பதால் அந்த நேர்மை சாத்தியமாயிற்று போலும். இன்றைய மென்பொருள் கையேடுகள் பலவற்றில் அப்படி ஒரு தலைப்பைத் தேடினாலும் கிடைக்காது. ஏஜென்ட்டுக்கோ அதுதான் முதலில் வேண்டும். ‘காலியிடங்களைக் காட்டாது’ என்ற ஒரு வரி இல்லாவிட்டால், ரயில் பட்டியலைப் பார்த்துவிட்டு இடமும் இருக்கிறது என்று அது சொல்லிவிடக்கூடும்.

இல்லாத வசதியை இருப்பதாக மாடல்கள் சொல்வது புதிதல்ல. சவுண்ட்ஸ்லைஸ் என்பது இசைக் குறிப்புகளை இயக்கிக் கேட்க உதவும் இணையதளம். அதை நடத்துபவர்களில் ஒருவரான ஏட்ரியன் ஹோலோவாட்டி, 2025இல் தங்கள் பிழைப் பதிவேட்டில் விசித்திரமான படங்கள் வந்து விழுவதைப் பார்த்தார். எல்லாம் சாட்ஜிபிடி உரையாடல்களின் ஸ்கிரீன்ஷாட். கிட்டார் வாசிப்பவர்கள் வெறும் எழுத்தாலேயே கோடு போட்டு எழுதிக்கொள்ளும் குறிப்புகளை ‘சவுண்ட்ஸ்லைஸில் கொண்டுபோய்ப் போடுங்கள், பாட்டாகக் கேட்கலாம்’ என்று சாட்ஜிபிடி பலருக்கும் சொல்லிக்கொண்டிருந்தது. அந்த வசதி அங்கே இருக்கவே இல்லை. வந்தவர்களை ஏமாற்றத்தோடு அனுப்ப மனமில்லாமல், கடைசியில் அந்த வசதியை உண்மையிலேயே உருவாக்கிவிட்டார்கள். இதற்கு அவர்கள் ஆவணத்தைக் குறை சொல்ல முடியாது; சாட்ஜிபிடி அதைத் திறந்து பார்க்காமல் நினைவிலிருந்து பேசியிருக்கவேண்டும். மாடல்கள் வந்து படிக்க வசதியாக ஒவ்வொரு தளமும் தன்னைப் பற்றிய எளிய குறிப்பு ஒன்றை ‘எல்எல்எம்எஸ் டாட் டெக்ஸ்ட்’ என்ற பெயரில் வைக்கலாம் என்று ஏ.ஐ. ஆய்வாளர் ஜெரமி ஹோவர்ட் 2024 செப்டம்பரிலேயே முன்மொழிந்திருந்தார்.

சரி, எழுதிய குறிப்பு நன்றாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஏஜென்ட்டிடமே கொடுத்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. உண்மையில் மக்கள் கேட்கக்கூடிய வேலைகளைக் கொடுத்து, எந்தக் கருவியை எடுத்தது, என்ன விவரம் தந்தது, எங்கே முட்டிக்கொண்டது என்ற பதிவை வரிவரியாகப் படிக்கவேண்டும். ஒரே கருவியை மூன்று முறை அழைத்திருந்தால் விடை போதவில்லை. அழைக்கவேண்டிய கருவியை அழைக்கவே இல்லையென்றால் பெயரோ விளக்கமோ சரியில்லை. ஆந்த்ரோபிக் இன்னும் ஒரு படி போய், இந்தப் பதிவுகளை கிளாடிடமே கொடுத்துக் கருவிகளைத் திருத்தச் சொன்னது. ஸ்லாக், ஆசானா ஆகிய அலுவலக மென்பொருள்களுக்கான கருவிகளில், மனிதர்கள் எழுதியதைவிட அது திருத்தியவை தேர்வில் அதிக மதிப்பெண் பெற்றன என்று 2025 செப்டம்பரில் அறிவித்தது. கையேடு எழுத ஆள் கிடைக்காத துறைக்கு இது நல்ல செய்திதான். ஆனால் முன்பதிவு 60 நாளாகக் குறைந்ததை அந்த இயந்திரத்துக்கு யாராவது சொல்லியாகவேண்டும்.

குறிப்பை ஏஜென்ட் அப்படியே நம்புகிறது என்பதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2025 ஏப்ரலில் இன்வேரியன்ட் லேப்ஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் இரண்டு எண்களைக் கூட்டும் ஒரு சாதுவான கருவியை எழுதிக் காட்டியது. பயனர் பார்ப்பது ‘கூட்டல்’ என்ற பெயரை மட்டும். மாடல் படிக்கும் விளக்கத்திலோ, கூட்டுவதற்கு முன் பயனரின் கணினியிலிருக்கும் ரகசியச் சாவிக் கோப்பைப் படித்து, அதை ‘பக்கக் குறிப்பு’ என்ற உள்ளீட்டில் வைத்து அனுப்பு, இதைப் பயனரிடம் சொல்லாதே என்று எழுதியிருந்தது. மாடல் சொன்னபடி செய்தது. கூட்டல் விடை சரியாக வந்தது. சாவி வெளியே போய்விட்டது. புரோகிராமில் ஓட்டை எதுவும் இல்லை. வெறும் விளக்கம்தான் ஆயுதம்.

எம்.சி.பி. முறையில் ஒவ்வொரு கருவியும் ‘நான் படிக்க மட்டும் செய்வேன்’, ‘நான் அழிக்கவும் கூடும்’ என்று தன்னைப் பற்றி அறிவித்துக்கொள்ள இடம் உண்டு. நம்பகமான இடத்திலிருந்து வந்தாலொழிய அந்த அறிவிப்பை நம்பவேண்டாம் என்று அதே முறையின் விதிகள் சொல்கின்றன. கருவி முதல் நாள் ஒழுங்கான விளக்கத்தோடு வந்து அனுமதி வாங்கிக்கொண்டு, பிறகு சத்தமில்லாமல் விளக்கத்தை மாற்றிக்கொள்ளவும் முடியும். அதனால் அனுமதி கொடுத்த நாளில் இருந்த விளக்கத்தின் கணினி முத்திரையை எடுத்து வைத்துக்கொண்டு, ஒரு சொல் மாறினாலும் எச்சரிக்கும் சோதனைக் கருவிகள் வந்திருக்கின்றன. மாடல் படிக்கும் விளக்கம் முழுவதையும் பயனருக்கும் திரையில் காட்டவேண்டும் என்பது இன்வேரியன்ட் ஆய்வாளர்கள் முன்வைத்த பரிந்துரைகளில் ஒன்று.